தோலின் வழியே மருந்து



முழங்கால் வலிக்கிறது, மாத்திரையை விழுங்குகிறோம். நோவு இருப்பது ஓரிடம். மருந்து புகுவது வேறோர் இடம். அது குடலில் கரைந்து, குருதியில் கலந்து, உடலெங்கும் சுற்றிய பின்னரே ஒரு சிறு பங்கு முழங்காலை அடைகிறது. இடையில் துன்புறுவது இரைப்பை.

வீக்கத்தையும் வலியையும் வளர்க்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் உடலில் பிறப்பதை ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். அதே இனப் பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைக் காக்கவும் செய்கின்றன. ஆகவே வலி தணிகையில் வயிற்றில் புண் தோன்றலாம். மருந்தை வலிக்கும் இடத்திலேயே தடவினால் என்ன?

தடவுவது எளிது, உட்புகுத்துவது அரிது. தோலின் மேற்புறத்தே இறந்த உயிரணுக்கள் செங்கற்களாகவும், அவற்றிடையே கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் ஒன்று உண்டு. அதன் கனம் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும், மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்டவற்றைப் பெரும்பாலும் அது உள்ளே விடுவதில்லை. டைக்ளோஃபினாக்கின் எடை 296. ஆதலால் அது நுழைய இடமுண்டு.

இனி, அதனைத் தாங்கும் ஜெல் என்னும் கூழைப் பார்ப்போம். கார்போமர்ப் பொடியை நீரில் கலக்கினால் அமிலத் தன்மையுள்ள கலங்கல் கிடைக்கும். சில துளி காரம் சேர்த்ததும், சுருண்டு கிடந்த நெடிய மூலக்கூறுகள் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். தெளிந்த கூழ் திரளும். நான் முதன்முதல் முயன்றபோது, காரம் சேர்க்குமுன்னரே டைக்ளோஃபினாக் சோடியத்தை இட்டுவிட்டேன். அமிலத்தில் கரையாத மருந்து வெண்துகளாகப் பிரிந்தது. மறுமுறை கூழ் திரண்டபின் இட்டேன். மருந்து உப்பாதலின் கூழ் இளகி ஓடியது. மூன்றாம் முறை, ஆல்கஹாலும் புரொப்பிலீன் கிளைக்காலும் சேர்ந்த நீரில் மருந்தை முன்னரே கரைத்து, கார்போமரையும் சிறிது கூட்டிய பிறகே கூழ் நின்றது.

நின்றதனால் அது மருந்தாகிவிடாது. ஃபிரான்ஸ் கலம் என்னும் கண்ணாடிக் கருவியில் பன்றித்தோலைப் பொருத்தி, மேலே கூழைத் தடவி, கீழுள்ள நீர்மத்தை மணிக்கொருமுறை எடுத்துச் சோதிக்க வேண்டும். மிகக் கெட்டியான கூழ் மருந்தை எளிதில் விடுவதில்லை. மிக இளகியதோ தோலில் நிற்பதில்லை. இரண்டிற்கும் நடுவே அளவைக் காண்பதே எங்கள் தொழில்.

மூட்டுத் தேய்மான வலிக்கு 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லை அமெரிக்க அரசு 2007-இல் ஏற்றது. முழங்காலில் அதைத் தடவும்போது குருதியில் சேரும் மருந்து, மாத்திரையால் சேருவதில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கே. இரைப்பைக்கு அந்த அளவிற்குத் துன்பம் குறைகிறது. எனினும் சிறிதளவு குருதியில் கலக்கவே செய்வதால், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதனையும் தடவுதல் வேண்டும்.