காசநோய்க் கிருமி எல்லோரையும் ஏன் வீழ்த்துவதில்லை?

காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் 5 முதல் 10 சதவீதம் பேர்தான். மற்றவர்களைக் காப்பது எது? நுரையீரலின் காற்றுப்பைகளில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியை விழுங்கிவிடுகின்றன. ஆனால் விழுங்கியதாலேயே கிருமி செத்துவிடுவதில்லை. செல்லின் செரிமான அமிலம் தன்னை அண்டாமல் தடுத்து, அதற்குள்ளேயே பெருகவும் செய்கிறது. சில வாரங்கள் கழித்து வந்து சேரும் சிடி4 டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம்தான் மேக்ரோஃபேஜுக்குக் கொல்லும் வலுவைப் பெரிதும் தருகிறது. ஆகவே பாதுகாப்பு தனியொரு செல்லில் இல்லை, இவற்றின் கூட்டுறவில் இருக்கிறது. எச்ஐவி இந்த டி செல்களை அழிக்கும்போது காசநோய் தலைதூக்குவதே இதற்கு வலுவான சான்று.

அப்படியானால் நோய் எதிர்ப்பைத் தூண்டத் தூண்ட நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. நுரையீரல் அரிக்கப்பட்டுக் குழி விழுவதில் கட்டுமீறிய நம் எதிர்ப்புக்கும் பெரும் பங்குண்டு. அடக்கினாலும் ஆபத்துதான்: முடக்குவாதத்துக்காக டிஎன்எஃப் என்ற எதிர்ப்புப் புரதத்தை மருந்தால் தடுக்கும்போது, கிருமியைச் சூழ்ந்து சிறைவைத்திருக்கும் செல்திரள் குலைந்து, உறங்கிய நோய் விழித்துக்கொள்ளக்கூடும். அம்மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்று உண்டா என்று அவசியம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.