காற்றும் கருவியும் – 9: களத்துமேட்டு விதி

ஜவ்வாது மலையில் சாமை அடித்து முடிந்ததும் அடுத்த வேலையைக் காற்றுதான் தொடங்கி வைக்க வேண்டும். முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி மெல்லச் சரித்தால் மணி காலடியில் விழும். பதரும் தூசியும் காற்றோடு போய்த் தள்ளி விழும். கனமானது தன் வழியே போகும், லேசானது காற்றின் வழியே போகும். விதி அவ்வளவுதான்.

இதே விதி ஹெலிகாப்டருக்கும் தேவைப்படுகிறது. மலைக்கு வடகிழக்கே, அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். ஹெலிகாப்டருக்குத் தூசி வெளியிலிருந்து வரும் எதிரி அல்ல. புழுதித் தரையில் இறங்கும்போது அதன் விசிறியே மண்ணைக் கிளப்பும்; அதன் எஞ்சினே அதை உறிஞ்சும்.

உள்ளே போன மணல், கம்ப்ரசர் தகடுகளை உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. நுண்தூசி செய்வது இன்னும் மோசம்: எரியறைச் சூட்டில் கண்ணாடியாக உருகி டர்பைன் தகடுகளில் அப்பிக்கொள்ளும். எரிமலைச் சாம்பலும் அப்படித்தான்: 1982 ஜூன் 24 அன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கீழிறங்கிய பிறகே அவை மீண்டும் உயிர் பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் தரையிறங்கியது.

துணி வடிகட்டி போட்டால் போதாதா? போடுகிறார்கள், ஆனால் தூசி அடைய அடைய எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வியட்நாம் போரில் தூசியால் பட்ட அடிக்குப் பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கிய டி700 எஞ்சினில் வாசலிலேயே களத்துமேடு உண்டு. சாய்வான தகடுகள் காற்றைச் சுழற்றிவிடும். காற்று உள்பக்கமாக வளைந்து எஞ்சினுக்குள் போகும். மணலால் அப்படித் திரும்ப முடியாது, ஓரச் சுவரை நோக்கி ஓடும். ஊதுவிசிறி அதை வெளியே தள்ளிவிடும். 2019இல் பதான்கோட்டில் விமானப்படையில் சேர்ந்த அப்பாச்சி ஹெலிகாப்டரும், 2024இல் கொச்சியில் கடற்படைக்கு வந்த எம்.எச்.60ஆரும் பறப்பது இந்த எஞ்சின் குடும்பத்தால்தான்.

ரஷ்யாவின் மி-17 ஹெலிகாப்டர் வேறு வேடம் போடுகிறது. எஞ்சின் வாய்க்கு முன்னால் கவிழ்த்த சட்டி போல ஒரு குமிழ். புழுதி கிளம்பும் இடத்தில் விமானி சுவிட்ச் போட்டால்தான் அது தூசியை வெளியே தள்ளும். தள்ளுவதற்கான காற்றையும் எஞ்சினிடமே கடன் வாங்குவதால் சக்தி கொஞ்சம் குறையும். இந்த வரியிலிருந்து எந்த வடிவமைப்பும் தப்பவில்லை: சுழற்றிப் பிரிக்கும் எஞ்சின்களில், வரும் காற்றில் 15 முதல் 20 விழுக்காடு வரை தூசியோடு சேர்த்தே கொட்டப்படுகிறது.

அப்படியும் சில தப்பிக்கும். களத்தில் தப்புவது கல்; கனமாக இருப்பதால் மணியோடு சேர்ந்தே விழும். எஞ்சினில் நேர்மாறு. பத்து மைக்ரானுக்கும் குறைந்த தூசி, காற்று வளையும் பக்கமெல்லாம் தானும் வளைந்து உள்ளே போய்விடும்.

கல்லுக்கு வீட்டில் தண்ணீர் ஊற்றிச் சாமையை அரித்தெடுக்கிறார்கள். எஞ்சினுக்கும் தண்ணீர்தான்: எரிபொருளைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் சுழலவிட்டு, முன்வாயில் தண்ணீரைப் பீய்ச்சி, கம்ப்ரசரைக் கழுவுகிறார்கள். கடலோரத்தில் பறந்து வந்தால் உப்புக்காகவும் இந்தக் குளியல் உண்டு.

(தொடரும்)