ஏழு வயதானால் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்தே ஆக வேண்டுமா?

“பையனுக்கு ஏழு வயசு ஆகப்போகுது. இனி அவங்க அத்தா கிட்டதான் விடணுமாம். ஷரீஅத்தே அப்படித்தான் சொல்லுதாம்!” மணமுறிவுக்குப் பின் ராயப்பேட்டையிலோ மயிலாப்பூரிலோ தாய்வீட்டில் இருக்கும் முஸ்லிம் பெண்களைத் தூங்கவிடாத பயம் இது. ஆனால், ஏழாவது பிறந்தநாள் அன்று பிள்ளை தானாகக் கைமாறிவிடாது.

தாய்க்கே முதல் உரிமை

சிறு பிள்ளையை வளர்க்கும் உரிமையை இஸ்லாமியச் சட்டம் ‘ஹிளானத்’ என்கிறது. அதில் முதலிடம் தாய்க்கு; அவருக்குப் பின் தாயின் தாய்க்கு. ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு 7 வயது வரை, மகளுக்குப் பருவம் எய்தும் வரை இந்த உரிமை உண்டு. ஷாஃபி மத்ஹபிலோ, விவரம் தெரிந்த வயதில் யாரிடம் இருப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம்.

கார்டியன் வேறு, கஸ்டடி வேறு

குழப்பம் இங்கேதான். பிள்ளையின் சட்டப்பூர்வ கார்டியன் தந்தை. தாய்க்கு உள்ளது வளர்க்கும் உரிமை என்று 1918-லேயே பிரிவி கவுன்சில் பிரித்துச் சொன்னது. ஆக, ‘அப்பாதான் கார்டியன்’ என்பதாலேயே பிள்ளையைத் தூக்கிச் செல்ல முடியாது.

வழக்கு வந்தால், 1890-ம் ஆண்டின் கார்டியன்கள் மற்றும் வார்டுகள் சட்டப்படி, பிள்ளையின் நலனையே நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கும். வயது, மதம், வளர்ப்பவரின் தகுதி எல்லாம் கணக்கில் வரும். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். தாயை இழந்த இரு பிள்ளைகளின் வழக்கில், தந்தை இருந்தும், கார்டியன் வழக்கு முடியும்வரை அவர்கள் தாய்வழி உறவினரிடமே இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம் (2010).

சம்பளம் இல்லையே...

அது தடையல்ல. பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையின் பொறுப்பு. வசதியுள்ள தந்தை, பிள்ளைகள் மேஜராகும் வரை, மகள் என்றால் திருமணம் வரை ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முத்தலாக் சொல்லப்பட்ட பெண், 2019 சட்டத்தின்படி மாஜிஸ்திரேட்டிடமே கஸ்டடி கேட்கலாம்.

மறுமணம் மட்டும் சிக்கலானது. பிள்ளைக்கு உறவில்லாதவரை மணந்தால் தாயின் உரிமை போய்விடும் என்கிறது மரபுச் சட்டம். அப்போதும் பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்தே நீதிமன்றம் முடிவெடுக்கும்.

எங்கே போவது?

ஜமாஅத்தில் பேசி சமரசமானால் நல்லதே. ஆனால், அது நீதிமன்றமல்ல. தனியார் அமைப்பு கொடுத்த குலா சான்றிதழை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது நினைவிருக்கட்டும். ‘பிள்ளை வேண்டாம்’ என்று எழுதிய தாளை நீட்டினால், வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் வழக்கு. தந்தை துபாயில் இருந்தாலும், பிள்ளை அடையாறில் உங்களுடன் வளர்ந்தால் சென்னை குடும்பநல நீதிமன்றத்தை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.

பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார் என்பதற்கு அவையே சாட்சி.