விற்காத பாட்டும் வீண்போகாது

எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் ஒருநாள், போரில் மகனை இழந்த அம்மா ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடும்படி கேட்டேன். “எங்கட பாட்டை ஆர் பிள்ளை கேக்கப்போகினம்?” என்றார். அன்று அவருக்குச் சொன்ன கதையை இன்று உங்களுக்கும் சொல்கின்றேன்.

மோசஸ் ஆஷ் என்பவர் 1905ஆம் ஆண்டு வார்சோ நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். அங்கு அவர் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் நட்டமடைந்தது. ஆயினும் மனந்தளராமல், 1948இல் மரியன் டிஸ்ட்லர் என்ற பெண்ணுடன் இணைந்து நியூயோர்க்கில் ‘ஃபோக்வேய்ஸ்’ என்ற சிறிய நிறுவனத்தை ஆரம்பித்தார்.

பெரிய நிறுவனங்கள் விற்பனை குறைந்த இசைத்தட்டுகளைக் கைவிட்டுவிடும். ஆஷ் அவ்வாறு செய்யவில்லை. குறைவாகப் பயன்படுகிறது என்பதற்காக ஓர் எழுத்தை அகராதியிலிருந்து நீக்குவோமா என்பதே அவரது வாதம். எனவே சிறு தொகையாகத் தயாரித்து, கேட்பவர் வரும்போது மீண்டும் தயாரித்தார். பாடியவர்களுக்குக் கிடைத்த பணம் சொற்பமே என்ற குறையும் அவர்மீது உண்டு. ஆனால் அவர்களின் குரல்கள் அழியவில்லை.

அவர்களில் ஒருவர் எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே கிற்றார் வாசிக்கவும் பாட்டுக் கட்டவும் தானாகப் பழகியவர். இடதுகைப் பழக்கமுள்ளதால் கிற்றாரைத் திருப்பிப் பிடித்தே வாசித்தார். பின்னர் நீண்டகாலம் அதனைத் தொடவேயில்லை. வாஷிங்டனில் ஒரு வீட்டில் வேலை செய்தபோது, சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து வாசித்தார். இசையில் ஈடுபாடுள்ள அந்தக் குடும்பத்தின் மகன் அவரது வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். 1958இல் ஃபோக்வேய்ஸ் அதனை வெளியிட்டபோது அவர் 60 வயதைத் தாண்டியிருந்தார். வேறொரு நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுக்காக 1985இல் கிறமி விருதும் பெற்றார்.

ஆஷ் 1986இல் காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஃபோக்வேய்ஸைப் பொறுப்பேற்றது. அவர் வெளியிட்ட 2,168 தொகுப்புகளில் ஒன்றையேனும் கைவிடக்கூடாது என்பது நிபந்தனை. அவை இன்றும் கிடைக்கின்றன.

கதையைக் கேட்ட அம்மா சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு மகனைத் தாலாட்டிய பாட்டை மெல்லப் பாடினார். அவரது சம்மதத்துடன் கைத்தொலைபேசியில் பதிவு செய்தோம். பாடியவர் பெயர், ஊர், எப்போது பாடும் பாட்டு என்பவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தோம்.

சகோதரிகளே, இடப்பெயர்வில் வீட்டுப் படங்களும் பத்திரங்களும் தொலைந்தன. எம்முடன் வந்து சேர்ந்தவை எமது தாய்மாரின் நெஞ்சிலிருந்த பாட்டுகளே. உங்கள் வீட்டு அம்மம்மாவை, அப்பம்மாவை இன்றே பாடச் சொல்லிக் கேளுங்கள். பதிந்து வையுங்கள்.