நம் வீட்டுக்கு நாமே கிராணி

தோட்டத்தில் சம்பள நாள் என்பது ஒரு திருநாள் போன்றது. ஆபீசு வாசலில் வரிசையாக நின்று, பெயர் அழைக்கப்பட்டதும் சென்று, சம்பள உறையைக் கண்ணில் ஒற்றி வாங்கிவந்த நம் பெற்றோரையும் பாட்டன்மாரையும் நம்மில் பலர் இன்றும் மறக்கவில்லை. அவ்வுறை கைக்கு வருமுன்னரே பிடித்தங்கள் முடிந்திருக்கும். முன்பணம் இவ்வளவு, சேமநிதி இவ்வளவு, சங்கச் சந்தா இவ்வளவு என்று கிராணியார் எழுதி வைத்திருப்பார். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்திற்குரியது. குழாய் நீரும் விளக்கும் தோட்டத்தின் ஏற்பாடு. கடைப் பற்றோ கடைக்காரர் எழுதிய சிறிய 555 புத்தகத்தில் அடங்கியிருந்தது. உழைத்தவர் நாம், கணக்கு எழுதியவர் வேறொருவர். அக்கணக்குச் சரியா, தவறா என்று படித்துப் பார்க்கும் எழுத்தறிவு அந்நாளில் பலருக்கு இல்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. குருபோங் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல சொந்த வீட்டில் வாழ்கின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வீட்டுக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, வரிகள் எனப் பலவும் நம் பெயருக்கே வருகின்றன. அவற்றை எழுதி வைக்க இப்பொழுது கிராணி இல்லை. ஆகவே, நம் வீட்டுக்கு நாமே கிராணியாக வேண்டியவர்களாகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர் ஒருவர் மூன்று நாள்கள் தொடர்ந்து வீட்டுப் பாடம் செய்யாமல் வந்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளையாதலால் காரணம் கேட்டோம். தலைகுனிந்து நின்றாரேயன்றி வாய் திறக்கவில்லை. மாலையில் அவர்தம் இல்லத்திற்குச் சென்றபோது உண்மை விளங்கிற்று. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாயார் சமைத்துக்கொண்டிருந்தார். பணம் இல்லாமையால் நேர்ந்ததன்று அது. தாயார் கட்டிவிட்டார் என்று தந்தையார் எண்ணினார். மூத்த மகன் கைப்பேசி வழியாகக் கட்டிவிட்டான் என்று தாயார் எண்ணினார். தந்தையார் கட்டியிருப்பார் என்று மகன் இருந்துவிட்டான். மூன்று மாதக் கட்டணம் நிலுவையாகி, எச்சரிக்கைச் சீட்டும் பழைய தாள்களோடு கிடந்தது. கட்டணத்திற்குரிய பணமோ அலமாரியில் பத்திரமாக இருந்தது! வறுமை செய்யாத துன்பத்தை மறதி செய்துவிட்டது. அப்பிள்ளை இழந்த மூன்று நாள் படிப்பை நினைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

செலுத்த வேண்டியவற்றை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளல் நலம். மாதந்தோறும் வருபவை ஒரு வகை. தெனாகா நேஷனல் நிறுவனத்தின் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், கைப்பேசிக் கட்டணம், கடன் தவணைகள் ஆகியன இதில் அடங்கும். அரையாண்டுக்கு ஒருமுறை வருவது இரண்டாம் வகை. ‘சுக்காய் பிந்து’ என்று நாம் வழங்கும் மதிப்பீட்டு வரியை நகராண்மைக் கழகத்திற்குப் பிப்ரவரி இறுதிக்குள் ஒருமுறையும் ஆகஸ்டு இறுதிக்குள் ஒருமுறையும் செலுத்துகின்றோம். ஆண்டுக்கு ஒருமுறை வருவது மூன்றாம் வகை. நில வரியை மே 31-க்குள் செலுத்திவிட வேண்டும். வாகனச் சாலை வரியும் காப்புறுதியும் இவ்வகையினவே. நில வரியை எளிதாக எண்ணுதல் கூடாது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, அறிவிப்புக் கொடுத்த பின்னரும் வரியைச் செலுத்தாவிடில், நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ள இடமுண்டு. வாழ்நாளெல்லாம் உழைத்து வாங்கிய மனை ஒரு சிறு தாளைக் கவனியாமையால் கைவிட்டுப் போகலாமா?

இனி, கணக்குப் புத்தகம் எழுதும் முறையைக் காண்போம். இதற்குப் பெரிய ஏடு வேண்டியதில்லை. பழைய 555 புத்தகமே போதும். பள்ளிப் பயிற்சிப் புத்தகமாயின் இன்னும் நன்று. பக்கத்தில் ஐந்து பத்திகள் வரைக. முதற்பத்தியில் கட்டணத்தின் பெயர்; இரண்டாவதில் தொகை; மூன்றாவதில் கடைசி நாள்; நான்காவதில் செலுத்திய நாளும் செலுத்தியவர் பெயரும்; ஐந்தாவதில் ரசீது எண். கட்டணச் சீட்டு வீட்டிற்கு வந்த அன்றே முதல் மூன்று பத்திகளையும் நிரப்பிவிட வேண்டும். நான்காம் பத்தி வெறுமையாக இருக்கும் வரை அக்கடமை தீரவில்லை என்பது பொருள். மேலே கூறிய குடும்பத்தில் இந்த நான்காம் பத்தி ஒன்று இருந்திருப்பின் விளக்கு அணைந்திராது.

ரசீது எண்ணை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கடைகளிலும் இயந்திரங்களிலும் கொடுக்கப்படும் ரசீதுகள் பலவும் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் அச்சாகின்றன. சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். கைப்பேசி வழியாகச் செலுத்துவோர்க்கும் ஓர் எண் கிடைக்கின்றது. கைப்பேசி பழுதானால் அதுவும் போய்விடும். நம் கையால் எழுதிய எண்ணோ நிலைத்து நிற்கும். “கட்டவில்லை” என்று எவரேனும் கூறினால், புத்தகத்தை விரித்துக் காட்டலாம்.

எழுதுவதோடு, சீட்டைப் படிக்கவும் பழக வேண்டும். மின்சாரச் சீட்டில் முந்திய மாத அளவும் இம்மாத அளவும் இருக்கும். முந்தியது 14,250 என்றும், இம்மாதத்தது 14,462 என்றும் கொள்வோம். கழித்தால் 212. இத்தனை யூனிட் மின்சாரத்தை நாம் பயன்படுத்தியுள்ளோம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால், 30 நாள்களில் 22½ யூனிட். தண்ணீரையும் இவ்வாறே கணக்கிடலாம். ஒழுகும் குழாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி விழுவதாகவும், ஒரு துளி கால் மில்லிலிட்டர் என்றும் கொண்டால், ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் வீணாகின்றது; ஒரு மாதத்தில் ஏறத்தாழ 650 லிட்டர்! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது இதற்குத்தான் போலும்.

அடுத்தது, பணத்தை முன்கூட்டியே ஒதுக்குதல். ஆண்டுக்கு 60 வெள்ளி நில வரியாயின் மாதத்திற்கு 5 வெள்ளி. அரையாண்டு மதிப்பீட்டு வரி 120 வெள்ளியாயின் மாதத்திற்கு 20 வெள்ளி. சம்பளம் வந்த அன்றே இவற்றைத் தனி உறையில் இட்டுவிட்டால், பிப்ரவரியும் மே மாதமும் நம்மை அச்சுறுத்தமாட்டா. சிறுதொகையை ஒழுங்காகச் செலுத்துவதன் ஆற்றலை நம் சமுதாயம் நன்கறியும். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. பத்து வெள்ளி சிறிது. தவறாமல் செலுத்திய பழக்கமே பெரிது.

இயலாத மாதமும் வரக்கூடும். நோயோ வேலையின்மையோ எவரையும் விடுவதில்லை. அப்பொழுது சீட்டை ஒளித்து வைத்தல் ஆகாது. கடைசி நாளுக்கு முன்னரே உரிய அலுவலகத்திற்குச் சென்று, நிலைமையைக் கூறி, பகுதி பகுதியாகச் செலுத்த இடந்தருமாறு கேட்பதில் இழிவில்லை. கேட்கத் தயங்கி, உரிமமில்லாத வட்டிக்காரரிடம் கைநீட்டியோர் படும் துயரை நாம் கண்டிருக்கின்றோம். நூறு வெள்ளிக் கட்டணத்திற்கு அஞ்சி, ஆயிரம் வெள்ளிக் கடனில் வீழ்தல் அறிவுடைமையாகாது.

மாணவச் செல்வங்களே! கூட்டலும் கழித்தலும் நீங்கள் கற்பது தேர்வுக்காக மட்டுமன்று. இவ்வார இறுதியில் ஒரு புத்தகத்தை எடுத்து, அடிக்கோல் வைத்து ஐந்து பத்திகள் வரைந்து, அம்மாவிடமும் அப்பாவிடமும் கொடுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பெற்றோர்களே! பிள்ளை கணக்குக் கேட்கின்றதே என்று சினம் கொள்ளாதீர்கள். அன்று பிறர் எழுதிய கணக்கில் நம் பாட்டனார் பெருவிரல் ஒற்றி வந்தார். இன்று அவர்தம் பேரப்பிள்ளை தன் கையாலேயே நம் வீட்டுக் கணக்கை எழுதுகின்றது. நம் பள்ளிக்கூடம் எதற்காக நிற்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த விடை வேறு உண்டோ?