சிறுபோகக் கூட்டத்துக்கு மாணவரையும் அழையுங்கள்

துணுக்காய்ப் பகுதியில் பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்டது வவுனிக்குளம். காலபோகத்துக்கு மாரிமழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான் கதி. அதனால் விதைப்புக்கு முன்பே கமக்காரரும் அதிகாரிகளும் கூடிப் பேசுகிறார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? அது எத்தனை ஏக்கருக்குத் தாங்கும்? யாருக்கு எவ்வளவு பங்கு? வாய்க்கால் துப்பரவு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும், துருசு எப்போது திறக்கப்படும், எத்தனை மாத நெல்லை விதைப்பது, கட்டாக்காலி மாடுகளை எந்த நாளிலிருந்து கட்டிவைப்பது? சத்தமும் சண்டையும் வரத்தான் செய்யும். ஆனாலும் கூட்டம் கலையும்போது திகதிகள் முடிவாகியிருக்கும்.

இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடத் தள்ளிவிட முடியாது. ஒருவர் இரண்டு வாரம் பிந்தி விதைத்தால், அவருடைய பயிர் முற்றும்வரை வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டும். அந்த இழப்பு எல்லோருடையதும். கூட்டத்தின் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்துவதற்கு 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இடம் வைத்ததும் இதனால்தான்.

கூட்டுச் செயற்பாட்டைத் திட்டமிட இளையோருக்குக் கற்பிக்க வேண்டும் என்று பேசுவோர் பலர். அதற்கான பாடம் வீட்டுப் படலைக்கு வெளியே, குளக்கட்டடியில் கிடக்கிறது. ஆனால் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறவர் அரிது.

பாடசாலைகளில் வழக்கம் வேறு. ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். குருத்தோலை பின்னுவதும் இல்லத்தை அலங்கரிப்பதும் அணிநடை பழகுவதும் மாணவர் வேலை. எவ்வளவு காசு சேர்ந்தது, எதற்கு முதலில் செலவழிப்பது, ஒலிபெருக்கிக்காரர் வராவிட்டால் என்ன செய்வது, தாகசாந்திக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் ஆசிரியர்களின் தலையில். போட்டி நன்றாகத்தான் நடக்கும். பிள்ளைகள் உழைக்கப் பழகுவார்கள், திட்டமிடப் பழகுவதில்லை.

பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் ஏற்பார்கள் என்பதற்குப் பழைய சான்றுகள் உண்டு. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமில் இருபது சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிந்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் அவர்களில் ஒருவனே தலைவன். சாரணர் இயக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. இலங்கையில் 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன மாணவர்களோடு கனத்தொளுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குப் போனார். சர்வோதய இயக்கம் அந்தப் பயணத்தில் பிறந்தது. மண்வெட்டியைத் தூக்குமுன் ஊராரோடு இருந்து தேவைகளைப் பேசித் தீர்மானிப்பது பின்னர் அதன் வழக்கமாயிற்று.

போர் முடிந்து, 2009இன் பிற்பகுதியில் துணுக்காயில் மக்கள் மீளக் குடியமரத் தொடங்கியபோது உதவித் திட்டங்கள் பல வெளியிலிருந்து தயாராகவே வந்தன. அன்றைய நெருக்கடியில் அது தவிர்க்க முடியாதது. இன்றைய பிள்ளைகளுக்கும் அப்படியே எல்லாவற்றையும் தயாராக நீட்டத் தேவையில்லை.

அதிபர்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் உயர்தர மாணவர் சிலரைப் பின்வரிசையில் இருத்துங்கள். அடுத்த சிரமதானத்தின் திகதி, ஆள், செலவு மூன்றையும் அவர்களே எழுதட்டும். கணக்குப் பிழைத்தாலும் பேனாவைப் பறிக்காதீர்கள்.