வன்னிக் குடும்பங்களும் பழம் பதிவேடுகளும்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் 'பேரன்' என்னுஞ் சொல் இருவரைக் குறிக்கும். தந்தையைப் பெற்றவரும் பேரன். மகன் பெற்ற பிள்ளையும் பேரன். பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. மூத்தவர் பெயரை இளையவர்க்கு இட்டு வழங்கும் மரபு இச்சொல்லிற் பொதிந்துள்ளது. கேட்பதற்கு இனிய இவ்வழக்கமே பழம் பதிவேட்டில் தன் குடிவழியைத் தேடப் புகுவோனுக்கு முதலிடராய் வந்து வாய்க்கின்றது. வேலுப்பிள்ளையின் மகன் கந்தையா. கந்தையாவின் மகன் வேலுப்பிள்ளை. அவன் மகன் மறுபடியுங் கந்தையா. ஓரூர்ப் பதிவேட்டில் ஒரு நூற்றாண்டுக்குள் 'வேலுப்பிள்ளை கந்தையா' என்பார் இருவர் மூவர் தோன்றுவாராயின், தமக்குரியவர் எவர் எனத் துணிவது எங்ஙனம்? நமக்குத் தலைமுறை தொடரும் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் ஒரு தலைமுறைக்கு முன்னெழுத்தாய் நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகின்றது.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. பிலிப்பைன் தீவுகளிற் பெருந்தொகையினர்க்கு நிலையான குடும்பப் பெயர் இல்லாதிருந்தது. 1849 ஆம் ஆண்டில் இசுப்பானிய ஆளுநர் கிளவேரியா பிறப்பித்த ஆணையால், அச்சிட்ட பெயர்ப்பட்டியல் ஒன்றிலிருந்து குடும்பங்களுக்குப் பெயர்கள் பங்கிடப்பட்டன. சிற்சில பகுதிகளில் ஓரூரார் பெயரெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குமாறு வழங்கினர். ஆதலால், அங்கே 1849 இற்கு முன் செல்ல விரும்புவோர் குடும்பப் பெயரை நம்புதல் இயலாது. 1945 இல் மனிலா நகரில் நிகழ்ந்த போரில் ஏராளமான ஏடுகளும் எரிந்தன. இன்று அந்நாட்டார், ஊர்க் கோயில்களில் எஞ்சிய ஞானஸ்நானப் புத்தகங்களை, அட்டவணை யாதுமில்லாத நிலையிற் பக்கம் பக்கமாய்ப் படித்தே தம் முன்னோரைக் காண்கின்றனர். வன்னியிலுள்ளோர்க்கு இக்கதை புதிதாய்த் தோன்றாது.

2008, 2009 ஆம் ஆண்டுகளிற் பரந்தன் தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து நடந்த குடும்பங்கள் பெட்டிகளையும் பைகளையும் வழியிலே விட்டன. உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், சாதக ஓலைகளும் அவற்றோடு போயின. வழித்துணையாய் வந்த முதியோர் பலரும் போயினர். பாட்டன் பெயர் யாது, அவர் எவ்வூரிற் பிறந்தார் என்ற வினாவுக்கு விடை சொல்லத்தக்கவர் ஒருவருமில்லாத வீடுகள் இன்று பல. காணியுரிமை கோருகையில் இதே வினா மேசைக்கு அப்பாலிருந்து வருகின்றது. எனவே, முன்னோரைத் தேடுதல் ஓய்வுபெற்றோர் பொழுதுபோக்கு என நாம் கருதுதல் தகாது.

இனி, எவ்வேடுகள் உள என்பதைப் பார்ப்போம். சைவர்க்குப் பிறப்பையும் மணத்தையும் பதியுங் கோயிற் புத்தகம் என ஒன்று இருந்ததில்லை. ஆயினும், சைவர் பெயர்கள் கிறித்தவ ஏடுகளிற் காணப்படுவதுண்டு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்டனர். அவர் ஆட்சியில், சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானமும் பதிவுத் திருமணமும் இல்லாதார்க்கு முதுசவுரிமையை நிலைநாட்டுவது அரிதாயிற்று. ஆதலின் வீட்டிற் சிவபூசை செய்தோரும் பள்ளிக்கூடத்திற் சென்று பெயர் பதிந்தனர். அக்காலத்தே காணிக்கு ஒரு தோம்பும், குடிகளுக்கு ஒரு தோம்புமாக எழுதப்பட்டன. 'டொன்' என்னும் முன்னடையோடு ஒரு பெயரைக் கண்டவுடன் 'இவர் நம்மவர் அல்லர்' என ஏட்டை மூடிவிடுதல் கூடாது. பிற்காலத்திலும் இவ்வாறே. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனார், மாணவன் ஒருவனுக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர் பெயரை அவனுக்கே இட்டனர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய பெயர்கள் அவ்வாறு வந்தவையே. எஞ்சிய ஒல்லாந்த ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ளன. அவை ஒல்லாந்த மொழியில், வளைந்தோடுங் கையெழுத்தில் அமைந்தவை. மொழி தெரியாதவரும் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் எழுத்துக் கூட்டி இனங்காணலாம், பொறுமை வேண்டும்.

ஆனால், வன்னியின் உட்பகுதிக் குடிகளை அத்தோம்புகளில் அதிகம் எதிர்பார்த்தல் வீண். வன்னியர் ஒல்லாந்தர்க்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துத் தம் நிலத்தைத் தாமே ஆண்டனர். 1782 இல் ஒல்லாந்தர் வன்னியை வென்ற பின்னரே நாகெல் என்னும் அதிகாரியின் கீழ் ஆட்சி அமைந்தது. 1803 ஆகத்து 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் திரிபேக் தளபதியால் தோற்கடிக்கப்பட்டான். இத்தகைய கொந்தளிப்பினிடையே குடிப்பதிவு எழுதுவார் யார்? 1895 இல் வெளிவந்த லூயிஸ் துரையின் வன்னி மாவட்டக் கைந்நூல், ஊர்களையும் குளங்களையும் வழக்கங்களையும் அறிய இன்றியமையாதது. உடையார், முதலியார் முதலிய பதவிப் பெயர்களை விளங்குதற்கும் உதவும். வையாபாடல் முதலிய பழநூல்களைச் சிலர் குடிவழிப் பட்டியலாகக் கொள்வர். அவை குலங்களின் வருகையைப் பாடுவன; தனியொருவரின் பூட்டனைக் காட்டித் தாரா.

பெரும்பாலார்க்குப் பயன்படுவது அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவேடே. 1867 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. இன்று வழங்குவது 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். பதிவு எண்ணும் திகதியும் தெரிந்தால் பிரதி பெறுவது எளிது. அவை தெரியாதவிடத்து, காலவெல்லை ஒன்றைக் குறித்துத் தேடுமாறு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டைச் சரியாக மதிப்பிடுவோர்க்கே இது பயன் தரும். பெயரை அகரவரிசைப்படுத்திய அட்டவணை இருப்பினும் அதை முழுதும் நம்பலாகாது. சிற்றம்பலம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு எழுதுவினைஞர் 'எஸ்' என்ற எழுத்திலும், மற்றொருவர் 'சி' என்ற எழுத்திலும் தொடங்குவர். 'கந்தர்', 'கந்தப்பர்', 'கந்தையா' மூன்றும் ஒருவரேயாதலுங் கூடும்.

எந்த அலுவலகத்திற் கேட்பது என்பதிலும் பலர் தடுமாறுகின்றனர். முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாயின. அவற்றிற்கு முந்திய கிளிநொச்சிப் பிறப்பைத் தேடுவோர் யாழ்ப்பாண மாவட்டத்தையும், முல்லைத்தீவார் வவுனியா மாவட்டத்தையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஓரிடத்து ஏடு அழிந்ததென்று கேட்டவுடன் திரும்பிவிடாமல், பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் மறுபிரதி உண்டா என வினவுதல் அவசியம்.

ஊரைப் பற்றியும் ஒரு சொல். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டிற் பெறுதல் நம் வழக்கம். அதனால், தந்தை முள்ளியவளையைச் சேர்ந்தவராயினும் பிள்ளையின் பிறப்பு வேறோர் ஊரிற் பதியப்பட்டிருக்கலாம். தாயின் ஊரை முதலில் அறிந்தால் வேலை பாதி முடிந்தது. பதிவில் 'அறிவித்தவர்' என்ற கூற்றை எவரும் கவனிப்பதில்லை. அங்கே தாய்மாமன் பெயரோ, தாயின் தந்தை பெயரோ கிடப்பதுண்டு. பெண்வழியை மீட்பதற்கு அதனினும் நல்ல சான்று அரிது.

பழம் பிறப்புப் பத்திரங்களிற் பெற்றோர் விவாகமாகாதவர் என்ற குறிப்பைக் கண்டு மனம் நொந்தவர்களை நான் அறிவேன். நொந்துகொள்ள ஒன்றுமில்லை. தாலி கட்டி, கூறை கொடுத்து, ஊரறிய மணம் முடித்தோரிற் பலர் அதனைப் பதிவுகாரரிடம் பதியவில்லை. பதிவேடோ பதிவுத் திருமணத்தையே கணக்கிற் கொண்டது. அக்குறிப்பு நம் பாட்டியின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று.

பிறப்புப் பதிவு கிடைக்காதவிடத்து, காணியுறுதி பேசும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசு முன் எழுதவேண்டுமென விதித்தது. 1707 அளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்துப் பின் ஆங்கிலேயர் 1806 இற் சட்டமாக்கிய தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. ஆகவே ஒவ்வோர் உறுதியும் 'இக்காணி இன்னாரின் முதுசம், இன்னார்க்குச் சீதனமாய் வந்தது' என ஒரு சிறு குடிவழியைச் சொல்லியே தொடங்கும். எல்லை கூறுமிடத்து அயலவர் பெயரும் வரும். அவ்வயலவர் பெரும்பாலும் உடன்பிறந்தார். கிளிநொச்சியில் நிலைமை வேறு. இரணைமடுக் குளத்தின் கீழ் 1936 முதல் நடந்த குடியேற்றத்தில் முடிக்குரிய காணிகளே பகிரப்பட்டன. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி வழங்கிய அனுமதிப்பத்திரத்திற்கும் அளிப்புக்கும் பிரதேச செயலகத்திற் பேரேடு உண்டு. காணி பெற்றவர் பெயரும், அவர் குறித்த பின்னுரித்தாளர் பெயரும் அதில் இருக்கவேண்டும். பத்திரத்தைத் தொலைத்த குடும்பத்தார் முதலிற் கேட்கவேண்டியது இப்பேரேட்டையே.

நம்மிடையே வேறொரு சாராரும் உளர். மலைநாட்டிலிருந்து, 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தோர் பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய இடங்களிற் காடு வெட்டிக் குடியேறினர். முன்னோரைத் தேடும் வேலையின் கொடுமை இவர்களுக்கே நன்கு தெரியும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமையை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் மக்கள், எந்தப் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டுவர்? ஏடில்லாமை ஓர் இனத்தையே நாடற்றதாக்கிய கதை இது. 1964 ஒப்பந்தத்தையும் கடந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அக்குறை முற்றாய் நீங்கவில்லை. அவ்வழியில் வந்த மாணவர், தோட்டத்துச் செக்றோல், பெரிய கங்காணியின் கணக்கு, தட்டப்பாறை, மண்டபம் முகாம்களின் ஏடு ஆகியவற்றைத் தேடவேண்டும். பாட்டனார் வந்த தமிழகத்துக் கிராமத்தின் பெயர் குலதெய்வத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வீட்டில் எஞ்சியிருப்பதுண்டு. அதனை அலட்சியஞ் செய்யவேண்டாம்.

வீட்டிலுள்ள சாதகக் குறிப்புகளை ஆளுவதிலும் ஓர் அவதானம் வேண்டும். 'விய வருஷம் ஆடி மாதம்' என மட்டும் எழுதியிருப்பின், அது 1946 ஆகலாம், 1886 ஆகலாம், 1826 உம் ஆகலாம். ஆண்டுப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை சுழலும். கிழமையையும் நட்சத்திரத்தையும் பழம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு உரிய ஆண்டைத் துணியலாம். ஓலையிற் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றுபோலவே நிற்கும். தமிழிலக்கங்களும் வரும். நம் மாணவர் உயர்தரத் தமிழிற் சிறப்புச் சித்தி பெற்றும், பாட்டனார் கையொப்பமிட்ட உறுதியின் ஒரு வரியைப் படிக்கமாட்டாதிருக்கின்றனர். வாரத்தில் ஒரு பாடவேளை பழங்கையெழுத்துக்கு ஒதுக்கினால் ஓராண்டிற் கற்பிக்கலாம் என்பது என் துணிபு.

தேடுவோர் தம் சாதிப் பெருமையை நிலைநாட்டவும் சிலவேளை புறப்படுவர். வேறு சிலர் எதைக் காண்போமோ என அஞ்சிப் புறப்படமாட்டார். தோம்பெழுதிய ஒல்லாந்தர் குடிகளைச் சாதிவாரியாக எழுதியது வரி வாங்குதற்கும் ஊழியங் கொள்ளுதற்குமே. அதிற் பெருமைப்படவும் நாணவும் ஒன்றுமில்லை.

அட்டவணையற்ற ஏட்டைப் படிப்போர் தமக்குரிய பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவர். அங்ஙனஞ் செய்யாது, அவ்வூர்ப் பெயர்கள் அனைத்தையும் ஆண்டு, பக்க எண்ணோடு கொப்பியில் எழுதுக. பெயர் கிடையாத ஆண்டுகளையும் 'பார்த்தேன், இல்லை' எனக் குறிக்க. இன்று அயலாராய்த் தோன்றும் ஒருவர் நாளை சாட்சியாய், சம்பந்தியாய் வெளிப்படுவார். அக்கொப்பியின் பிரதியொன்று நம் கல்லூரி நூலகத்திலும் இருக்குமாயின், அதே ஊரைத் தேடி வரும் அடுத்தவர் முதற் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டியதில்லை.